பீச்சாங்குழலுக்குக் காற்று அடித்த கதை

போன வருடம் வைகாசி மாதம். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் சாலையை ஒட்டி ஒரு கடலைக்கொல்லை. அங்கேதான் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடலை பிடுங்கும் வேலை இல்லை. அந்தக் கொல்லையில் பெயிண்ட்பால் விளையாட்டு நடத்தினார்கள். அதற்கான துப்பாக்கிகளைத் துடைத்து, ரிப்பேர் பார்த்து, ஆட வருகிறவர்களுக்கு முகமூடி மாட்டிவிடுகிற வேலை எனக்கு.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், பனியன் கம்பெனியில் துணி மடிக்கிறவன், போர்வெல் வண்டியில் ராடு மாட்டுகிறவன் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில்தான் படுக்கை. சாப்பாட்டுக்கு அன்னதானம் இருந்தது, மழை வந்தால் மண்டபம் இருந்தது. பெரிய கஷ்டம் என்று சொல்ல முடியாது. ஒரு பௌர்ணமிக்கு இளநீர்க் கடையில் ஒத்தாசைக்கு நின்றபோது, குடிக்க வந்த ஓர் அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "துப்பாக்கி தொடைக்கிற வேலை இருக்கு, வர்றியா?" என்று கேட்டார். கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன். மஃப்டியில் வந்த போலீஸ் என்று நினைத்துவிட்டேன்.

அந்த அக்காதான் பெயிண்ட்பால் மைதானத்தின் முதலாளி. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. இங்கே அக்காவும் அவருடைய மாமியாரும் மட்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெயிண்ட்பால் என்பது இரண்டு கட்சியாகப் பிரிந்து, மணல் மூட்டைக்கும் பழைய டயருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒருவரையொருவர் சாய உருண்டையால் சுடுகிற விளையாட்டு. உருண்டை மேலே பட்டதும் உடைந்து சட்டையில் சாயம் தெறிக்கும். சாயம் பட்டவர் அவுட். கல்லூரிப் பிள்ளைகள், ஆபீஸ்காரர்கள், பெங்களூரிலிருந்து கோயிலுக்கு வந்து மாலையில் பொழுது போகாதவர்கள் எல்லாரும் வருவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்காவின் குடும்பம் ஜெயின் குடும்பம். வடக்கேயிருந்து வந்தவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்தில் நெல்லும் கடலையும் போடுகிற தமிழ் ஜெயின்கள். தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் மறுநாள் காலை வரை வாயில் எதையும் போட மாட்டார்கள். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற வீட்டுக்காரர்கள் துப்பாக்கி விளையாட்டு நடத்துகிறார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

நிலம் மாமியார் பேரில் இருந்தது. அந்த அம்மாவைச் சம்மதிக்க வைக்க அக்கா என்ன பாடு பட்டாரோ, எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அம்மா போட்டிருந்த சட்டங்கள் மட்டும் தெரியும். உருண்டையின் தோல் மாவில் செய்ததாக இருக்க வேண்டும், எலும்பு, கொழுப்பு எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. வீட்டுக்குள் துப்பாக்கி என்ற வார்த்தையே வரக் கூடாது. "அதுக்குப் பேரு பீச்சாங்குழல்" என்று சொல்லிவிட்டார். எனவே வீட்டுப் பக்கம் போனால் நாங்களும் பீச்சாங்குழல் என்போம். மூன்றாவது சட்டம்தான் முக்கியமானது. நம் நிலத்தில் ஒருத்தர் உடம்பிலும் காயம் படக் கூடாது.

மூன்றாவது சட்டத்துக்கு வைகாசி வெயில் உலை வைத்தது.

எங்கள் கன் எல்லாம் கேஸில் ஓடுபவை. சோடாவுக்கு அடிக்கிற அதே கேஸ். சின்ன பாட்டிலில் அடைத்து கன்னின் பின்பக்கம் திருகிக்கொள்ள வேண்டும். அந்த கேஸுக்கு ஒரு குணம். குளிர்ந்தால் சோம்பிக் கிடக்கும், வெயில் பட்டால் வீங்கும். வீங்கினால் உருண்டை வேகமாகப் போகும். வேகத்தை அளக்க எங்களிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதன் முன்னால் சுட்டால் எண் காட்டும். காலையில் மரத்தடி நிழலில் எல்லா கன்னையும் அளந்து, திருகைச் சரிசெய்து வைப்போம். ஆட்டம் சூடுபிடிப்பது மத்தியானத்தில். மத்தியானம் அளந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. காலையில் கட்டிய தராசு சாயங்காலம் வரை சரியாகத்தானே இருக்கும் என்ற நினைப்பு.

ஒரு சனிக்கிழமை வேங்கிக்காலிலிருந்து ஓர் அரசு அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு மேடம், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் நின்ற விதத்தைப் பார்த்ததுமே கன் பிடித்துப் பழகியவர் என்று தெரிந்தது. தன்னுடைய மேலதிகாரியைத் தேடிப் பிடித்து இரண்டு முறை அவுட் ஆக்கினார். மூன்றாவது ஆட்டத்தில் யாரோ சுட்ட உருண்டை அவருடைய மேல்கையில் பட்டது. பட்ட சத்தமே வேறு மாதிரி இருந்தது. சட்டைக்கையை ஏற்றிப் பார்த்தால் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் எழும்பி, சுற்றிலும் ரத்தம் கட்ட ஆரம்பித்திருந்தது.

அக்கா ஐஸ் எடுக்க வீட்டுக்கு ஓடினார். ஐஸோடு மாமியாரும் வந்துவிட்டார். அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேடம் சிரித்துக்கொண்டே, "ஒன்னியும் இல்லம்மா, வெளையாட்டுல இதெல்லாம் சகஜம்" என்றார். அந்த அம்மா ஐஸை அந்தக் கையில் வைத்து அழுத்தினார். எல்லாரும் போன பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"வெயில் அடங்கட்டும்னு பாக்கறேன். மழை விழுந்ததும் டிராக்டருக்குச் சொல்லிடறேன். கொல்லைய ஓட்டி கல்லக்கா போட்டுடலாம்."

"அத்தே, ஒரு தடவ பட்டதுக்கா?"

"ஒரு தடவ பட்டா போதாதா? இன்னொருத்தர் பிள்ள ஒடம்பும்மா அது. ரத்தம் கட்டாதபடி ஆட வெக்க முடிஞ்சா ஆடு. முடியாதுன்னா வுட்டுடு."

அக்கா வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த மைதானம் அது. மணல் மூட்டை ஒவ்வொன்றையும் அவரே சுமந்து அடுக்கியதாகச் சொல்வார்கள். எனக்கு என்ன, இன்னோர் ஊர் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கே அந்த எண்ணம் வந்துவிட்டது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது உடனே கிளம்ப மனசு வரவில்லை. டிராக்டர் வரும் வரை இருப்போம் என்று இருந்துவிட்டேன்.

வழி ஒன்று இருந்தது. கேஸை விட்டுவிட்டு அழுத்திய காற்றுக்கு மாறிவிடுவது. காற்று பாட்டிலின் தலையில் ஒரு வால்வு இருக்கும். உள்ளே எவ்வளவு இருந்தாலும், வெயில் எவ்வளவு அடித்தாலும், வெளியே ஒரே அளவுதான் விடும். உருண்டை எப்போதும் ஒரே வேகத்தில் போகும். இது அக்காவுக்கு முன்பே தெரியும். தெரியாதது, எங்கள் பழைய கன் காற்றைத் தாங்குமா என்பதுதான். சென்னையில் இந்தச் சாமான் விற்கிறவருக்கு போன் போட்டார்.

"காத்துக்கு மாறணும் சார். என்ன அப்கிரேடு பண்ணணும்?"

அவர் சொன்னார்: வால்வு மாற்ற வேண்டும், ஸ்பிரிங் மாற்ற வேண்டும், இன்னும் ஏதேதோ. ஒரு கன்னுக்கான சாமானும் ஒரு காற்று பாட்டிலும் மாதிரிக்கு அனுப்புகிறேன், போட்டுப் பார்த்துவிட்டு மற்றதுக்கு ஆர்டர் கொடுங்கள் என்றார். எல்லா கன்னுக்கும் அப்கிரேடு செய்தால் ஆகிற செலவில் புது கன்னே வாங்கிவிடலாம். அக்காவால் அது முடியாது. முடியாது என்பது எனக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். அதனால் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். அப்கிரேடு சாமானைப் பிரிக்காமல், பழைய கன்னில் காற்று பாட்டிலை அப்படியே மாட்டிப் பார்ப்பது. திருகுகிற மரை கேஸ் பாட்டிலுக்கும் இதற்கும் ஒன்றுதான். ஓடினால் மைதானம் பிழைத்தது. ஓடாவிட்டால் கடலை.

பார்சல் வந்தது. பாட்டில் காலியாக இருந்தது. காற்று அடைத்து அனுப்பக் கூடாதாம்.

"காத்துதானே, நான் பாத்துக்கறேன்" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். போர்வெல் வண்டி கம்பரசரோடு இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்ற நினைப்பு. நேராக மெயின் ரோட்டு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாட்டிலை உருட்டி, அதிலிருந்த, அழுத்தம் காட்டும் முள் கடிகாரத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா தலைவரே, இதுல மூவாயிரம்னு போட்டிருக்கு. நான் லாரி டயருக்கு அடிக்கிறதே நூத்தி இருபது."

"அடிச்சுத்தான் பாருங்களேன்."

ஓசி டீ கிடைத்த மாதிரி அவருக்கு ஒரே குஷி. எதையெதையோ சேர்த்துக் கட்டி ஹோஸ் பைப்பை மாட்டினார். கம்பரசர் அலறியது. முள் அசையவே இல்லை. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் சுற்றி நின்று, இன்னும் கொஞ்சம் அடி, இன்னும் கொஞ்சம் அடி என்று யோசனை சொன்னார்கள். "ஏம்பா, அதுக்குப் பசி ஜாஸ்தி போல" என்றார் ஒருவர். பழைய போர்வெல் வண்டிக்காரருக்கும் போன் செய்து கேட்டேன். எங்க வண்டி காத்து பாறையை உடைக்கும், ஆனா உன் பாட்டிலுக்குப் போதாது என்று அவரும் சிரித்தார். பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பினேன்.

அன்று சாயங்காலம், அடிபட்ட மேடத்துக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்க அக்கா போன் செய்தார். கை நீலம் போய் இப்போது மாம்பழ நிறத்தில் இருக்கிறது என்றாராம் அவர். பேச்சுவாக்கில் அக்கா இந்தக் கதையையும் சொல்லிவிட்டார். அதற்கு மேடம் சொன்னது இது: அவரும் அவருடைய மகளும் ரைஃபிள் கிளப்பில் சுடப் பழகுகிறவர்கள். அந்த ரைஃபிளும் காற்றில்தான் ஓடுகிறது. அதற்குக் கையால் அடிக்கிற பம்பு வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன்.

போனை வைத்துவிட்டு அக்கா அப்படியே நின்றார். புகார் கொடுக்க வேண்டியவர் பம்பு கொண்டுவருகிறேன் என்கிறாரே!

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஸ்கூட்டியின் முன்பக்கம் பம்பை நிறுத்திக்கொண்டு வந்து இறங்கினார். பார்க்க சைக்கிள் பம்பு மாதிரிதான். உயரம் மட்டும் கொஞ்சம் கூட. சைக்கிள் பம்பு மாதிரியே அடிக்கலாம் என்று நான் முதலில் கை வைத்தேன். தொடக்கத்தில் சுலபமாக இறங்கியது. முள் மெதுவாக எழுந்தது. நான் அக்காவைப் பெருமையாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் போனதும் கைப்பிடி இறங்கவே மறுத்தது. மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டுத் தொங்க வேண்டியிருந்தது. நான் ஓய்ந்ததும் அக்கா, அக்கா ஓய்ந்ததும் மேடம். அந்தக் கையோடு வேண்டாம் என்று நாங்கள் தடுத்தோம். "இந்தக் கைக்குத்தான் இதுல உரிமை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி நின்று அழுத்தினார். பம்பு சூடானால் ஆற விட வேண்டும். ஆறியதும் மறுபடி. எத்தனை முறை அழுத்தினோம் என்ற கணக்கு எல்லாருக்கும் விட்டுப்போனது.

மாமியார் ஒரு சொம்பு மோரோடு வந்து வரப்பு மேல் நின்றார். அக்காவின் முடியெல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. "கெணத்துல தண்ணி எறைக்கிறதே சுகம் போலக்கீது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானத்துக்கு முள் போக வேண்டிய இடத்துக்குப் போனது. பழைய கன்னில் பாட்டிலைத் திருகினோம். மேடம் குறி பார்த்தார்.

புஸ்.

உருண்டை குழாயிலிருந்து எட்டிப் பார்த்து, நான்கு எட்டு தூரம் போய், தரையில் விழுந்து உருண்டது. உடையக்கூட இல்லை. மறுபடி விசையை இழுத்தார். இப்போது அதுவும் இல்லை, வெறும் இருமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. உட்கார்ந்து, அந்த அப்கிரேடு சாமான் பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அவர் சொன்னது சரிதான். மாத்தணும்போல" என்றார்.

"மாத்த முடியுமா?" என்று மேடம் கேட்டார்.

"எல்லாத்தையும் முடியாது. விட்டுட வேண்டியதுதான்."

மேடம் கன்னைப் பார்க்காமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த முள்ளு உள்ள எவ்ளோ இருக்குன்னு காட்டுது. வெளிய எவ்ளோ விடுதுன்னு எங்க போட்டிருக்கு?" என்றார். நாங்கள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தலையில் ஏதோ எழுத்து பொறித்திருந்தது, எங்களுக்கு விளங்கவில்லை. கன்னைப் பற்றியே ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பாட்டிலைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அக்கா சென்னைக்காரருக்கு மறுபடி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் யாரோடோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது சத்தத்தில் தெரிந்தது.

"அது கம்மியா விடற பாட்டில் மேடம். அப்கிரேடு பண்ண கன்னுக்குத்தான் அது செட் ஆகும். பழசுல போட்டா தள்ளாது."

"அப்ப ஜாஸ்தி விடற பாட்டில்னு ஒண்ணு இருக்கா சார்?" என்று அக்கா கேட்டார்.

"ஏன் இல்லாம? இருக்கே. உங்க கேஸ் எவ்ளோ தள்ளுமோ அவ்ளோ தள்ளும்."

"அத போட்டா கன்ல என்ன மாத்தணும்?"

"ஒண்ணும் மாத்த வேணாமே. அப்படியே திருகிட்டு சுட வேண்டியதுதான்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத நீங்க மொதல்லியே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீங்க என்ன அப்கிரேடு பண்ணணும்னு கேட்டீங்க மேடம். பண்ணணுமான்னு கேக்கலையே" என்றார் அவர். குரலில் குசும்பு எதுவும் இல்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டார். மறுநாள் கடை திறந்ததும் வேறு பாட்டிலை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார்.

மேடம் சாயங்காலம் கிளம்பும்போது பம்பை விட்டுவிட்டுப் போனார். "மக கேட்டா வித்துட்டேன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை வடகிழக்கில் மேகம் கட்டியது. ராத்திரி நல்ல மழை. செவ்வாய்க்கிழமை காலையில் டிராக்டர்காரர், மறுநாள் விடிந்ததும் வருகிறேன் என்று மாமியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அதே செவ்வாய்க்கிழமை பதினோரு மணிவாக்கில் பாட்டிலும் பஸ்ஸில் வந்து இறங்கியது. நானும் அக்காவும் மறுபடி பம்பின் மேல் ஏறி இறங்கினோம். மழை பெய்த சுவடே இல்லாமல் வெயில் கொளுத்தியது. நல்லதுதான், எங்களுக்கு அந்த வெயில்தான் வேண்டும். பாட்டிலை வெயிலிலேயே போட்டு வைத்துவிட்டு, வேகம் அளக்கும் பெட்டியின் முன்னால் சுட்டேன். டப் என்று கிளம்பியது உருண்டை. எண்ணைப் பார்த்தேன். மறுபடி சுட்டேன். அரை மணி கழித்துச் சுட்டேன். எண் இம்மி நகரவில்லை. அக்கா கன்னைப் பிடுங்கி அவரும் சுட்டுப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

மாமியார் பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பொட்டி காலைலகூடத்தான் சரின்னு சொல்லுச்சு, அந்தப் பொண்ணுக்கு ரத்தம் கட்டின அன்னைக்கு. பொட்டி சொன்னா ஆச்சா? ஒடம்பு சொல்லட்டும்."

"யாரு ஒடம்பு அத்தே?"

"ஏன், எனக்கு ஒடம்பு இல்லியா?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா விடவில்லை. அடுத்தவரை அடித்தால்தான் பாவம், நானாகப் போய் அடி வாங்கினால் என்ன பாவம் என்றார். சரி, யார் சுடுவது? மருமகள் மாமியாரைச் சுட்டாள் என்றால் ஓசூரிலிருந்து கணவர் ஓடிவந்துவிடுவார். அக்கா முடியாது என்றார். நான், வேலைக்கு இருக்கிறவன், முதலாளி வீட்டு அம்மாவைச் சுடமாட்டேன் என்றேன். "அடி வாங்கின பொண்ணே வந்து அடிக்கட்டும். அதுதான் நியாயம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அந்த அம்மா இட்லிக்கு ஊற்றப் போய்விட்டார்.

மேடத்துக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பியிருப்பார்கள். ஆபீஸ் விட்டதும் வருகிறேன் என்றார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு மீட்டிங். வெயில் சாய்ந்தது. மாமியார் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, வாசலுக்கும் மேற்கு வானத்துக்குமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்நேரத்துக்குச் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். "நீங்க சாப்பிட்டுடுங்க அத்தே" என்று, தான் சாப்பிட்டு முடித்த அக்கா சொன்னதற்கு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அடி வாங்க முடியாது என்றார்.

ஸ்கூட்டி வந்தபோது சூரியன் பனைமரத் தலைக்கு இறங்கியிருந்தது. மேடம் ஹெல்மெட்டைக்கூட சரியாகக் கழற்றவில்லை. அந்த அம்மா கொல்லை நடுவில் போய் நின்றுவிட்டார். முகமூடி போட மாட்டேன் என்றார். அது இல்லாமல் இந்த மைதானத்தில் நிற்க யாருக்கும் அனுமதி கிடையாது என்று நான் அழுத்திச் சொல்லி மாட்டிவிட்டேன். நெஞ்சுக்குக் கட்டுகிற மெத்தையை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். மெத்தை கட்டிக்கொண்டு நின்றால் என்ன தெரியும் என்றார். ஆட்டத்தில் நிற்கிற தூரத்தில் மேடத்தை நிறுத்தினேன்.

"அம்மா, மேல்கைலதான் சுடுவேன். பயப்படாதீங்க."

"பயம் இன்னாத்துக்கு? சீக்கிரம் சுடும்மா, நான் சாப்புடணும்."

டப். மஞ்சள் சாயம் புடவை மேல் பூவாகத் தெறித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா அசையவில்லை. நாங்கள் ஓடினோம். அவர் சாயத்தை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"இன்னொண்ணு சுடு. அது வர்றப்ப கண்ண மூடிக்கினேன். சரியா தெரியல."

மேற்கே பார்த்தேன். சூரியன் பாதி போய்விட்டது. அக்காவும் பார்த்தார். "அத்தே, பொழுது போகுது, போதும்" என்றார். கேட்கிற ஆளா அவர்? மேடம் திரும்பப் போய் நின்று, நிதானமாகக் குறி பார்த்து, அதே கையில் இன்னொன்று போட்டார். இந்த முறை அந்த அம்மா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, உருண்டை வருவதைப் பார்த்திருக்கிறார். முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"இவ்ளோதானா? பால் கறக்கறப்ப மாடு வாலால ஒண்ணு வெக்குமே, அதுலகூட இத விட ஜாஸ்தி வலிக்கும்."

புடவையை விலக்கிப் பார்த்தோம். கொசு கடித்த மாதிரி லேசான சிவப்பு. மேடம் தன்னுடைய கையையும் பக்கத்தில் நீட்டினார். அங்கே இன்னும் மாம்பழ நிறம். இரண்டு கையையும் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "சரி, ஆடுங்க."

அக்கா அழுதாரா சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. மேடத்தைக் கட்டிக்கொண்டார். புடவையை விலக்கியபோது கையில் ஒட்டிய சாயம் மேடத்தின் சட்டை முதுகில் பதிந்தது.

வீட்டுக்குப் போனோம். மாமியார் என்னையும் மேடத்தையும் உட்கார வைத்து இட்லி பரிமாறினார். வெங்காயம் சேர்க்காத சட்னி, அவ்வளவு ருசி. மேடம் மீட்டிங் கதை சொன்னார், நான் பஞ்சர் கடைக் கதை சொன்னேன், எல்லாரும் சிரித்தோம். நான்காவது இட்லிக்குத் தட்டை நீட்டியபோதுதான் உறைத்தது. வெளியே இருட்டியிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த அந்த அம்மா சாப்பிட்டிருக்கவில்லை. இனி காலை வரை தண்ணீர்கூடக் கிடையாது. பசி எனக்குப் பழகிய விஷயம். பசியில் இருக்கிறவர் முகத்தை எங்கே பார்த்தாலும் தெரிந்துகொள்வேன். அவர் முகத்தில் தேடினேன், ஒன்றும் இல்லை.

"நீங்க?" என்று கேட்டேன்.

"பொழுது போயிடுச்சேப்பா. நாளைக்குக் காலைல ரெண்டு சேத்துத் தின்னுக்கறேன். நீ வெச்சுக்க" என்று இன்னும் இரண்டு இட்லியைப் போட்டார். இரண்டாவது முறை சுடச் சொன்னபோது சூரியன் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

மறுநாள் விடியலில் டிராக்டர் வந்து நின்றது. மாமியார் வரப்பில் நின்றுகொண்டு டிராக்டர்காரரிடம், கிழக்குப் பக்கம் சும்மா கிடக்கிற துண்டை மட்டும் ஓட்டச் சொன்னார். "மேக்கால இன்னாத்துக்கு வுடறீங்க?" என்று அவர் கேட்டார். "அங்க பீச்சாங்குழல் வெளையுது" என்றார் அந்த அம்மா.

கன் ஒன்றில்கூட ஒரு ஸ்பிரிங் மாற்றவில்லை. பாட்டில்கள் மட்டும் மாற்றினோம். அப்கிரேடுக்குச் செலவாகாமல் மிஞ்சியதில் அக்கா, காற்று அடைக்கிற சின்ன மோட்டார் ஒன்று வாங்கிவிட்டார். நாங்கள் இப்போது மத்தியான வெயிலிலும் வேகம் அளக்கிறோம். மேடம் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு வருகிறார். போன முறை அம்மாவும் மகளும் சேர்ந்து என் முதுகைப் பச்சையாக்கிவிட்டுப் போனார்கள். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். ஒரே ஊரில் இவ்வளவு நாள் நான் இருந்ததில்லை.

நம்மால் ஒருவருக்கு அடி பட்டுவிட்டால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுவதுதான் சுலபம் என்று ஊர் ஊராகப் பழகியிருந்தேன். நின்று சரிசெய்ய நினைத்தால், அடிபட்டவரே வந்து பம்பை அழுத்துவார், தடுக்க வேண்டியவரே பட்டினியோடு எதிரில் வந்து நிற்பார் என்பதை அந்த வைகாசியில்தான் கண்ணால் பார்த்தேன்.